கடலுக்கு இறங்கினால் குளிர்: கலிஃபோர்னியாவில் ஆறு நாட்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு வெயிலுக்கு ஒரே மருந்துதான். பஸ் ஏறிக் குமுளிக்குப் போவது. இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. மலைச்சாலையில் ஏற ஏறக் காற்று மாறும், பாதி வழியில் மஞ்சு இறங்கி பஸ் கண்ணாடியை மூடும். மேலே போனால் குளிர், கீழே வந்தால் சூடு. இது எனக்குச் சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய பாடம். தம்பியைப் பார்க்கக் கலிஃபோர்னியா வந்த இடத்தில் அந்தப் பாடம் தலைகீழாகிவிட்டது. ராத்திரி படுக்கும் முன் எழுதி வைத்ததை நாள்வாரியாகத் தருகிறேன்.

செப்டம்பர் 24, ஃபிரெஸ்னோ

காலை ஆறு மணிக்கு வாசலில் கால் வைத்தேன். சிமெண்டுத் தரையில் நேற்றைய சூடு இன்னும் மிச்சம் இருந்தது. எதிர்வீட்டுப் படியில் செம்மஞ்சள் பூசணிக்காய்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். இலையுதிர் காலம் வந்துவிட்டதற்கு அடையாளமாம். நாட்காட்டிப்படி அது தொடங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. மத்தியானம் 104 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 40. சாயங்காலம் பார்த்தபோது ஒரு பூசணிக்காய் வெந்து அடிப்பக்கம் தளர்ந்து சாய்ந்திருந்தது.

இந்த ஊர் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலைகள், நடுவில் தாம்பாளம் மாதிரித் தட்டை நிலம். நம் பள்ளத்தாக்கைப் போல என்று தம்பி போனில் பல தடவை சொல்லியிருக்கிறான். ஆனால் இங்கே மலை கண்ணுக்கே தெரியவில்லை. காற்று தேங்கி நின்று, தூரமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் போனது. தெரு முழுக்கப் போனது. டிரான்ஸ்ஃபார்மர் சூடு தாங்காமல் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். வென்டிலேட்டரோ முற்றமோ இல்லாத வீடு; அரை மணி நேரத்தில் உள்ளே மூச்சு முட்டியது. தம்பி மனைவிக்குத் தலைவலி. "மதினி, வாங்க, பின்னால போயிருவோம்" என்று நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வேலி நிழலுக்கு வந்தோம்.

"இதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. 2022 செப்டம்பர் 6-ம் தேதி இருந்துச்சு பாரு" என்றான் தம்பி. அன்றைக்கு மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் 116 டிகிரி. 1925-ஆம் வருஷத்து 114 டிகிரிச் சாதனை அன்று போயிற்று. மாநிலத்தின் மின்தேவை 52,000 மெகாவாட்டைத் தாண்டியதும் அன்றைக்குத்தான். சூரியன் சாய்ந்தால் சூரிய மின்சாரம் குறைந்துவிடும், வீடுகளின் சூடு மட்டும் குறையாது. அந்த இடைவெளிதான் ஆபத்து. மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியதாம். வேண்டாத மின்சாரத்தை நிறுத்துங்கள் என்று அரசாங்கத்தின் அவசரச் செய்தி. ஜனங்கள் நிறுத்தியிருக்கிறார்கள். சில நிமிஷத்தில் தேவை இறங்கி, மாநிலம் இருட்டாகாமல் தப்பித்தது. யார் வீட்டிலும் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, ஆனாலும் நிறுத்தினார்கள் என்பதை அவன் இன்னொரு தடவை சொன்னான்.

கரண்ட் வர ஏழரை ஆயிற்று. அதற்குள் பக்கத்து வீட்டு ஆர்மீனியப் பாட்டி ஒரு கையில் ஐஸ் பையும் இன்னொரு கையில் மூடிய தட்டுமாக வேலிக் கதவைத் திறந்து வந்தார். தட்டில் விரல் நீளத்துக்குப் பச்சைச் சுருள்கள். திராட்சை இலையில் அரிசி, வெங்காயம், புதினா வைத்துச் சுருட்டி எலுமிச்சை பிழிந்து வேகவைத்தது. முப்பது வருஷமாகத் திராட்சைக் கொடியோடு வாழ்கிறேன். கவாத்துச் செய்த இலையை வரப்போரம் ஒதுக்கித் தள்ளியதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. புளிப்பும் எண்ணெயுமாக, சில்லென்று, அந்த வெக்கைக்கு அதைவிட நல்ல சாப்பாடு இருக்க முடியாது. ஆறு சாப்பிட்டேன். பாட்டிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

செப்டம்பர் 25, செல்மா. பிறகு பூமிக்கு அடியில்

நான் வந்ததே இதைப் பார்க்கத்தான். ஃபிரெஸ்னோவுக்குத் தெற்கே செல்மா என்ற ஊர், உலகத்தின் கிஸ்மிஸ் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. தம்பிக்குத் தெரிந்த ஒரு பஞ்சாபிக்காரர் அந்தப் பக்கம் திராட்சை போட்டிருக்கிறார். ஆறரை மணிக்கே போய்விட்டோம். வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை. என்னைக் கும்பிட்டு "பெஹன்ஜி" என்றார். எனக்கு ஹிந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் திராட்சை தெரியும். பாதிப் பேச்சுக்குத் தம்பி தேவைப்படவில்லை.

நம் ஊரில் தலைக்கு மேல் பந்தல். இங்கே நெஞ்சுயரக் கம்பியில் கொடி ஓடுகிறது. வரிசைக்கு வரிசை நடுவிலுள்ள மண்ணைத் தெற்குப் பார்த்துச் சரிவாக இழுத்து, அதன்மேல் தடித்த பழுப்புத் தாளை விரித்து, பறித்த குலைகளை அப்படியே பரப்பிவிடுகிறார்கள். விதையில்லாத தாம்ஸன் ரகம். இரண்டு மூன்று வாரம் வெயில். நாலு கிலோவுக்கு மேல் பழம் காய்ந்தால் ஒரு கிலோ கிஸ்மிஸ். பழத்தைத் தரையில் போடுவதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. எங்கள் பன்னீர் திராட்சையை நாங்கள் குலை நசுங்காமல் குழந்தையைப் போல வேப்பிலை விரித்த பெட்டியில் இறக்குவோம். குனிந்து ஒரு தாளிலிருந்து நாலு எடுத்து வாயில் போட்டேன். வெளியே சுடுகிறது, உள்ளே தேன் பாகு.

தாள்கள் இப்போது சுருட்டும் பக்குவத்தில் இருக்கின்றன. ஓரங்களை உள்ளே மடித்து, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்தால் பனியும் தூசியும் படாது. பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியபடி வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். மெக்ஸிகோவின் ஒஹாகா பக்கத்துக்காரர்கள். முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி, அதற்கு மேல் தொப்பி. கண் மட்டும் தெரிகிறது. என் வயதில் ஓர் அம்மா இருந்தார். நான் கிஸ்மிஸ் தின்றதைப் பார்த்துச் சிரித்து, அடுத்த தாளிலிருந்து இன்னும் நன்றாகக் காய்ந்ததாகப் பொறுக்கி என் கையில் வைத்தார்.

வரிசை முனையில் ஒரு கூடாரம், இரண்டு பெரிய தண்ணீர்ப் பீப்பாய்கள். சட்டம் அது. 80 டிகிரி தாண்டினால் நிழல் இருக்க வேண்டும். ஆளுக்கு மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கணக்கில் குடிநீர் வேண்டும். 95-ஐத் தாண்டினால் யாருக்காவது மயக்கம் வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும். வெளியில் வேலை செய்கிறவர்களுக்காக 2005-ல் கலிஃபோர்னியா கொண்டுவந்து, பிறகு இன்னும் கடுமையாக்கியது. 2004-ல் அசுன்சியோன் வால்டிவியா என்ற 53 வயதுக்காரர், 105 டிகிரி வெயிலில் 10 மணி நேரம் திராட்சை பறித்துவிட்டு விழுந்து இறந்துபோயிருக்கிறார். நாடு முழுமைக்கும் இப்படி ஒரு சட்டம் கேட்டு நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் ஒரு குடம் தண்ணீர் வைப்போம். அது போதும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

பத்தரைக்கு 93 டிகிரி. தோட்டத்துச் சொந்தக்காரர் வானத்தைப் பார்த்து, இந்த வெயில் இன்னும் நாலு நாள் நிற்கட்டும் என்று கை கூப்பினார். மழை ஒரு தூறல் விழுந்தால் தாளில் இருப்பதெல்லாம் பூஞ்சணம். அவர் கும்பிடுகிற அதே வெயிலில்தான் அந்த அம்மா குந்தியிருக்கிறார். நானும் வெள்ளாமை செய்கிறவள்தான். இரண்டு பேர் பக்கமும் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஆறுதல் ஒன்றும் வரவில்லை.

வழியில் ஒரு வண்டிக்கடையில் ஓர்சாட்டா வாங்கினோம். அரிசியை ஊறவைத்து அரைத்து, பட்டையும் சர்க்கரையும் சேர்த்த பானம். பெரிய கோப்பை நாலு டாலர். நீராகாரத்துக்கு இனிப்புப் போட்டால் எப்படியோ அப்படி. பாதி குடிப்பதற்குள் உடம்பு அடங்கியது.

மத்தியானம் ஃபாரஸ்டியேரி நிலவறைத் தோட்டம். இந்த ஊர் வெயிலைப் பற்றி எழுதினால் இதைச் சொல்லாமல் விட முடியாது. பால்டசாரே ஃபாரஸ்டியேரி, சிசிலியிலிருந்து வந்தவர். அமெரிக்காவின் கிழக்கு நகரங்களில் சுரங்க ரயிலுக்குக் குழி தோண்டிய கூலி. எலுமிச்சை, ஆரஞ்சு போட வேண்டும் என்ற ஆசையில் இங்கே நிலம் வாங்கியிருக்கிறார். மண்வெட்டியை இறக்கினால் அடியில் பாறை போல இறுகிய மண். மேலே தாங்க முடியாத வெயில். மனிதர் வெயிலுக்குப் பயந்து ஒரு அறை தோண்டினார், பிறகு இன்னொன்று. 1906 வாக்கில் தொடங்கி 1946-ல் சாகும்வரை நாற்பது வருஷம், கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துத் தோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார். படுக்கையறை, சமையலறை, சின்னக் கோயில், மீன் தொட்டி. எடுத்த கல்லையே செங்கல்லாக வைத்து வளைவுகள். கூரையில் விட்ட வட்ட ஓட்டைகள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது, அந்த ஓட்டைக்கு நேர் கீழே மரம் வளர்கிறது. மேலே நின்று பார்த்தால் எலுமிச்சை மரத்தின் தலை நம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பழம் பறிக்கக் குனிய வேண்டும்.

படி இறங்கும்போது தோளிலிருந்து யாரோ சுமையை எடுத்த மாதிரி இருந்தது. மேலே 102, கீழே நல்ல மர நிழல் சுகம். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், பானை மாதிரிக் குளிர்ந்திருந்தது. கீழே இறங்கினால் குளிர் என்பதை முதலில் எனக்குச் சொன்னது அந்தச் சுவர்.

செப்டம்பர் 26, பாசோ ரோபிள்ஸ்

மேற்கே கிளம்பினோம். 41-ஆம் எண் சாலை. இரண்டு பக்கமும் பாதாம் தோப்புகள். அடிமரத்தைப் பிடித்து உலுக்கும் இயந்திரம் ஒன்று, ஐந்து நொடியில் ஒரு மரத்தை உதிர்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறது. தரையில் காய்ந்த பருப்பைக் கூட்டி அள்ளும் வண்டி கிளப்புகிற புழுதியில் சூரியன் பித்தளைத் தட்டு மாதிரித் தெரிந்தது. கெட்டில்மேன் சிட்டியில் இறங்கி நின்றபோது காற்று அடித்தது. அது ஆறுதல் தரும் காற்று இல்லை. அடுப்பு வாயைத் திறந்த மாதிரி. 105.

பிறகு மொட்டைக் குன்றுகள், சிங்கத்தின் முதுகு நிறத்தில் காய்ந்த புல். 41-ஆம் சாலையும் 46-ஆம் சாலையும் சேரும் இடத்தில், 1955 செப்டம்பர் 30 அன்று நடிகர் ஜேம்ஸ் டீன் கார் மோதி இறந்தார். நினைவு நாளுக்கு இன்னும் நாலு நாள் இருப்பதால் பழைய கார்க்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். தம்பி மனைவி போட்டோ எடுத்துக்கொண்டாள். பூமியைப் பிளக்கிற சான் ஆண்ட்ரியாஸ் பிளவும் இந்தப் பக்கமாகத்தான் போகிறதாம். நான் காரை விட்டு இறங்கவில்லை. மோர் பாட்டில் காலியாகியிருந்தது.

பாசோ ரோபிள்ஸில் அறை போட்டிருந்த லாட்ஜில் ஏசி வேலை செய்யவில்லை. மணி ஐந்து, வெளியே 103. வேறு அறை இல்லை, ஊரில் ஏதோ கல்யாணக் கூட்டம். தம்பி குரல் உயர்ந்தது. கவுண்டரில் இருந்த குஜராத்தி அம்மா அவனுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். இரண்டு ஃபேன் எடுத்துக் கொடுத்து, வாடகையில் நாற்பது டாலர் குறைத்து, "எட்டு மணிக்கு ஜன்னலைத் திறங்க, பத்து மணிக்குப் போர்வை தேடுவீங்க" என்று ஆங்கிலத்தில் மெதுவாக எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். நான் நம்பவில்லை.

எட்டு மணிக்குத் திறந்தேன். மேற்கிலிருந்து காற்று. முதலில் லேசாக, பிறகு திரைச்சீலை உள்ளே பறக்கிற அளவுக்கு. அதில் ஈரம் இருந்தது. கடல் இங்கிருந்து முப்பது மைல், நடுவில் மலை. ஆனால் மலைத்தொடரில் டெம்பிள்டன் பக்கம் ஒரு தாழ்வு இருக்கிறது. பகலெல்லாம் உள்நாடு காய்ந்து சூடான காற்று மேலே எழ, கடல் காற்று அந்த வாசல் வழியாக ராத்திரி உள்ளே நுழைகிறது. இந்த ஊர்த் திராட்சைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இதுதான். பகலில் இனிப்பு ஏறும், ராத்திரிக் குளிரில் புளிப்பு இறங்காமல் நிற்கும். பத்து மணிக்கு 66. விடிகாலை எழுந்தபோது 53. போர்வை போதவில்லை. அலமாரியில் இருந்த துண்டுகளையும் எடுத்து மேலே போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 27, கேம்ப்ரியா

இன்றைய பயணம் வெறும் முப்பது மைல். என் வாழ்க்கையில் மறக்காத முப்பது மைல்.

லாட்ஜ் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, ஊரைச் சுற்றிப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். மறுபடி 102. காரின் முன்பலகையில் வெளிச் சூடு எண்ணாகத் தெரியும். அதைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. 46-ஆம் சாலை மேற்கே மலை ஏறுகிறது. திராட்சைத் தோட்டங்கள், ஓக் மரங்களில் தொங்கும் சாம்பல் நிறப் பாசி. ஏறும்போது குளிரும் என்று உடம்பு காத்திருந்தது. 100, 99. அவ்வளவுதான். மலை உச்சியில் வண்டியை ஓரமாக நிறுத்தினான் தம்பி. "அக்கா, அங்க பாரு."

கடலைத் தேடினேன். கடல் இல்லை. கீழே, மலைகளின் காலடியிலிருந்து வானம் தொடங்கும் கோடு வரைக்கும் வெள்ளையாக, பஞ்சுப் பொதியைப் பிரித்துக் கொட்டின மாதிரி மூடுபனி. மேலே நாங்கள் கொளுத்தும் வெயிலில் நிற்கிறோம். தெற்கே தூரத்தில், மாரோ பே ஊர்க் கடலோரம் நிற்கும் மாரோ பாறையின் தலை மட்டும் அந்த வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி. மஞ்சு தலைக்கு மேலிருந்து இறங்கித்தான் நான் பார்த்திருக்கிறேன். காலுக்குக் கீழே அது கிடப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இறங்கினோம். 94. 86. 77. ஒரு வளைவில் முதல் நூல் பனி சாலைக்குக் குறுக்கே ஓடியது. 68. தம்பி ஏசியை நிறுத்தினான். 61. சூரியன் வெள்ளிக் காசாகி, பிறகு இல்லாமலே போனது. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நீர் பூத்து, வைப்பர் போட வேண்டியதாயிற்று. 57. மலை உச்சியில் கதவைச் சாத்தி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. நம் கணக்கில் 37-லிருந்து 14.

கடற்கரையில் இறங்கியதும் பல் கிடுகிடுத்தது. பருத்திச் சேலை, செருப்பு, வேறொன்றும் கைவசம் இல்லை. சாலைமுனைக் கடையில் தடித்த பனிச்சட்டை நாற்பத்தெட்டு டாலர். ரூபாயில் கணக்குப் போடாதே என்று தம்பி தடுப்பதற்குள் போட்டுவிட்டேன். கடைக்காரப் பெண் என் சேலைத் தலைப்பைச் சட்டைக்குள் அழகாக மடித்துவிட்டு, மூன்று நாளாக எல்லோரும் இப்படித்தான் நடுங்கிக்கொண்டு வருகிறார்கள், இந்த அளவுதான் அதிகம் போகிறது என்றாள். கேம்ப்ரியா தெருவில் பாதிப் பேர் அரைக்கால் சட்டையும் புதுப் பனிச்சட்டையுமாக நடக்கிறார்கள். அத்தனையும் பள்ளத்தாக்கிலிருந்து சூட்டுக்குத் தப்பி வந்த குடும்பங்கள். பனிக்குள் குழந்தைகள் கூவிக்கொண்டு ஓடின. ஒரு தகப்பன் பச்சைக் குழந்தையைத் தூக்கி முகத்தைப் பனிக்குக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றார். செல்மாவில் குந்தியிருந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து இங்கே மூன்று மணி நேரம்தான்.

விடுதியில் ஏசியே கிடையாது. அதற்குப் பதில் கணப்பு. பொத்தானை அமுக்கினால் நீலத் தீ எரிகிறது. நனைந்த சேலைக் கரையை அதன் முன்னால் காயவைத்துக்கொண்டு, ஓலலிபெரிப் பணியாரத்தை, பை என்று சொல்கிறார்கள், சூடாகச் சாப்பிட்டோம். நாவற்பழ நிறம், புளிப்பு முன்னால் வந்து இனிப்பு பின்னால் வருகிறது. ஒரு துண்டு ஒன்பது டாலர், மூன்று பேருக்குப் போதும். அதே நேரம் ஃபிரெஸ்னோ பாட்டிக்குத் தம்பி மனைவி போன் போட்டாள். அங்கே ராத்திரி எட்டு மணிக்கு 94.

செப்டம்பர் 28, சான் சிமியோன்: மேலே வெயில், கீழே பனி

ராத்திரி முழுக்க ஜன்னலுக்கு வெளியே சொட்டுச் சத்தம். மழை என்று எழுந்து பார்த்தால் மழை இல்லை. பைன் மரங்கள் ஊசி இலையால் பனியைப் பிடித்துத் தம் காலடியிலேயே சொட்டிக்கொள்கின்றன. மரத்தைச் சுற்றி மட்டும் தரை ஈரம். மான்டரே பைன் என்ற இந்த ஜாதி, கலிஃபோர்னியாவில் தானாக வளர்வது மூன்றே இடத்தில், கேம்ப்ரியா ஒன்று. கோடை முழுக்க மழையே பெய்யாத கரையில் இவை உயிரோடு இருக்க இந்தச் சொட்டும் ஒரு காரணம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நாங்கள் குழாய் போடுகிறோம்.

காலையில் ஹர்ஸ்ட் மாளிகை. பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டுக்காக 1919-லிருந்து 1947 வரை கட்டியது. கட்டியவர் ஜூலியா மார்கன், கலிஃபோர்னியாவில் கட்டடக் கலைஞராக உரிமம் பெற்ற முதல் பெண். டிக்கெட் ஆளுக்கு முப்பது டாலருக்கு மேல். அடிவாரத்தில் 56 டிகிரி. பனிச்சட்டையோடு பஸ் ஏறினேன். ஐந்து மைல் மலைப்பாதை. பாதி வழியில் பஸ் திடீரென்று பனியின் கூரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எல்லோரும் "ஓ" என்றார்கள். உச்சி 1,600 அடி. அங்கே 88. பளிங்குத் தூண்கள் சூழ்ந்த நீலக் குளத்தருகில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். மாளிகையின் தங்கமும் சிலைகளும் எனக்கு மனதில் நிற்கவில்லை. நின்றது அந்தச் சுற்றுச்சுவர். கீழே வெள்ளைக் கடல் மலை மடிப்புகளுக்குள் விரல் நீட்டி ஏற முயல்கிறது. ஓர் எல்லையில் வெயில் பட்டுக் கரைந்து பின்வாங்குகிறது. மறுபடி ஏறுகிறது.

மத்தியானம் பியட்ராஸ் பிளாங்கஸ் கரையில் யானைச் சீல்கள் என்ற பெரிய கடல் விலங்குகள். கட்டணம் இல்லை. 1990-ல் சில மட்டும் வந்தன, இப்போது வருஷத்தில் பல்லாயிரம் வந்து போகின்றன. இந்த மாதத்தில் இருப்பவை இளசுகள், உரச்சாக்கு அடுக்கின மாதிரிப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் முன்துடுப்பால் மணலை வாரி முதுகில் போட்டுக்கொள்கிறது. சூட்டுக்காம். நான் நடுங்குகிற காற்றில் அதற்குச் சூடு.

நீலச் சட்டை போட்ட தன்னார்வப் பெரியவர் ஒருவரிடம், மலைமேல் வெயிலும் கீழே பனியும் ஏன் என்று தம்பியை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் நேராக என்னிடமே திரும்பி, கையால் படம் போட்டுக் காட்டினார். வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடிக்கடலின் குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அதன்மேல் உரசும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது. இதற்கு மேலே, உயர் அழுத்தத்தால் அமுங்கி இறங்கிச் சூடேறிய காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மூடி கீழே அமுங்கினால் பனி மெலிந்து கரையோடு நிற்கும். உயர்ந்தால் மலை இடுக்கு வழியாக உள்ளே போகும். "உங்கள் தம்பி ஊரில் காற்று சூடாகி மேலே எழும்புகிறதே, அதுதான் இதை உள்ளே இழுக்கிறது. அந்த வெயிலும் இந்தப் பனியும் ஒரே இயந்திரம்" என்றார். நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். திராட்சை விளையும் ஊர் என்றேன். தலையைச் சாய்த்து, சின்னதாக வணங்கினார்.

சாயங்காலம் தொண்டை கட்டியது. ஒரே நாளில் மூன்று தடவை சூடும் குளிரும் மாறியதை உடம்பு ஏற்கவில்லை. சுக்கு இல்லை. மிளகு கேட்டு வாங்கி வெந்நீரில் போட்டுக் குடித்தேன்.

செப்டம்பர் 29, மாரோ பே, திரும்ப ஃபிரெஸ்னோ

மாரோ பேயில் அந்தப் பாறையைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். 576 அடிப் பாறை, நூறடி முன்னால் போய் நின்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. அலைச் சத்தத்தை வைத்துத்தான் பக்கம் கண்டுபிடித்தோம். கடல்நீர்நாய்கள் இரண்டு பாசியைச் சுற்றிக்கொண்டு மல்லாந்து தூங்கின. வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் இருபத்திரண்டு டாலர். மீன் அப்போதுதான் இறங்கியது, மாவுப் பூச்சு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு துளி மிளகாய்த்தூளுக்கு நாக்கு ஏங்கியது.

41-ஆம் சாலை தொடங்குவதே இங்கேதான். கடலிலிருந்து கிளம்பி மலை தாண்டி, ஃபிரெஸ்னோ வழியாக யோசெமிட்டி தேசியப் பூங்கா வரை ஏறுகிறது. 56-ல் ஏறி உட்கார்ந்து, அரைமணியில் 90-ஐப் பார்த்தோம். கெட்டில்மேனில் 101. பனிச்சட்டை பின்சீட்டில் கிடந்தது, காரெல்லாம் உப்பு வாசனை.

வீட்டுக்குப் போகும் முன் செல்மாவுக்கு விடச் சொன்னேன். மணி ஆறு, 96. வெயில் தாழட்டும் என்று காத்திருந்து ஐந்து மணிக்கு மறுபடி இறங்கியிருக்கிறார்கள். நாளையிலிருந்து மேற்குக் காற்று திரும்புமாம், சூடு 85-க்கு இறங்குமாம். கடற்கரையில் மூடி உயரப்போகிறது. பஞ்சாபிக்காரர் போனில் வானிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழை இல்லை, ஆனால் ராத்திரி ஈரம் ஏறும். பதினோரு வரிசை பாக்கி என்று விரலால் காட்டினார்.

அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகத் துணியை இறக்கி, மேற்கே கை நீட்டி "வியெந்தோ" என்றார். காற்று. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தினேன். தாளின் ஓரத்தை மடித்துச் சுருட்டத் தொடங்கியதும், என் கையை நிறுத்தி, மடிப்பை எந்தப் பக்கம் செருக வேண்டும் என்று மாற்றிக் காட்டினார்.